தெரிந்து சொல்லும் சம்மதம்

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் ஒரு குடும்பத்திடம் டாக்டர் வந்து, "இந்த நோய்க்கு இரண்டு விதமான சிகிச்சை இருக்கிறது. எது மேல் என்று கண்டறிய ஓர் ஆய்வு நடக்கிறது. நீங்கள் சேர விருப்பமா?" என்று கேட்டால் நம் ஊரில் வழக்கமாக வரும் பதில்கள் இரண்டு. "நீங்க எது செஞ்சாலும் சரிங்க டாக்டர், எங்க நல்லதுக்குத்தானே சொல்லுவீங்க" என்பது ஒன்று. "எங்களை வெச்சு சோதனை பண்ணப் பாக்கறீங்களா? அதெல்லாம் வேண்டாம்" என்பது மற்றது. முதல் பதிலை நம்பிக்கை என்கிறோம். இரண்டாவதை முன்ஜாக்கிரதை என்கிறோம். எனக்கு இரண்டும் ஒரே குறையின் இரண்டு முகங்களாகவே தெரிகின்றன. என்ன ஆய்வு, எதற்காக, என் உடம்புக்கு என்ன ஆகும் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்காமல் சொல்லும் 'சரி'யும் கேட்காமல் சொல்லும் 'வேண்டாம்' என்பதும் முடிவெடுக்கும் பொறுப்பைக் கைகழுவுவதில்தான் முடிகின்றன.

இது மருத்துவம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமன்று. நாம் எப்படி வாழ வேண்டும் என்பதைத் தொடுகிற விஷயம். ரத்த அழுத்த மாத்திரை முதல் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் சொட்டு மருந்து வரை, நாம் நிம்மதியாக எடுத்துக்கொள்ளும் நவீன மருந்துகளுக்குப் பின்னால் முன்பின் தெரியாத பலர் நிற்கிறார்கள். தங்கள் உடம்பில் அந்த மருந்தை ஏற்று, அதன் பலனையும் கெடுதலையும் எழுதிவைக்க அவர்கள் இடம் கொடுத்தார்கள். அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை அடைப்பது எப்படி? அந்தக் கடனின் பேரால் யாரும் ஏமாற்றப்படாமல் காப்பது எப்படி? இரண்டு கேள்விகளையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இந்தக் கடனுக்குச் சென்னையிலேயே ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. 1956-இல் இங்கே காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்த மையம் அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதன் ஆய்வை வழிநடத்தினார். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான் கதி. ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடம், மாதக்கணக்கில் படுக்கை, சத்தான சாப்பாடு, முழு ஓய்வு. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். சானடோரியப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். இடம் கிடைக்காதவர்கள் வீட்டில் இருமியபடியே செத்துப்போனார்கள்.

புதிதாக மருந்துகள் வந்திருந்தன. அவற்றை நோயாளியின் வீட்டிலேயே கொடுத்தால் போதாதா? கேட்பதற்கு எளிய கேள்வி, பதில்தான் யாருக்கும் தெரியவில்லை. நெரிசலான ஒற்றை அறை, அரைவயிற்றுச் சாப்பாடு, ஓய்வே அறியாத உடம்பு. இந்த நிலையில் மாத்திரை மட்டும் என்ன செய்துவிடும் என்று சந்தேகப்பட நியாயம் இருந்தது. கூட இருக்கும் குழந்தைகளுக்குத் தொற்றிவிடுமே என்ற பயம் அதைவிடப் பெரியது. 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். யார் சானடோரியத்துக்கு, யார் வீட்டுக்கு என்பதை டாக்டரின் விருப்பமோ நோயாளியின் செல்வாக்கோ தீர்மானிக்கவில்லை; குலுக்கிப் போட்டதுபோல் தற்செயலாக அது அமைந்தது. இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற மருந்துகள் ஓராண்டுக்குக் கொடுக்கப்பட்டன.

1959-இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றவர்களுக்கும், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களுக்கும் குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியக் காலம் முடிவுக்கு வர இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். இன்று காசநோயாளி ஒருவர் தன் வீட்டில், தன் பிள்ளைகளோடு இருந்தே குணமாகிறார் என்றால் அதன் வேர் சென்னையின் ஏழைக் குடித்தனங்களில் இருக்கிறது. அந்த மையம் இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சேத்துப்பட்டில் இயங்குகிறது. அந்த 193 பேரின் பெயர்கள் நமக்குத் தெரியாது.

நல்ல முடிவு வந்ததால்தான் அவர்கள் பங்களிப்புக்கு மதிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றி மிகப் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. கிராமம் கிராமமாக ஏறத்தாழ 2,60,000 பேர் சேர்ந்தார்கள். ஒரு சாராருக்குத் தடுப்பூசி. இன்னொரு சாராருக்கு மருந்துப்போலி, அதாவது பார்வைக்கு மருந்து போலவே இருக்கும், உள்ளே மருந்து இல்லாத ஊசி. 15 ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. அந்தக் கிராமத்து மக்கள் வீணாகவா கை நீட்டினார்கள்? காக்காத ஒன்றைக் காக்கும் என்று நம்பி இருப்பது பெரிய ஆபத்து. அந்தப் பொய்யான தைரியத்திலிருந்து உலகத்தை விடுவித்தவர்கள் அவர்கள். பயன்படாததைப் பயன்படாது என்று நிரூபிப்பதும் உயிர் காக்கும் வேலைதான்.

இதை நாம் அண்மையில் கண்கூடாகப் பார்த்தோம். கொரோனா இரண்டாம் அலையில், 2021 ஏப்ரல், மே மாதங்களில், எத்தனையோ குடும்பங்கள் பிளாஸ்மா தேடி அலைந்தன. நோயிலிருந்து மீண்டவரின் பிளாஸ்மாவை ஏற்றினால் உயிர் பிழைக்கும் என்ற நம்பிக்கையில் வாட்ஸப்பில் ரத்தப் பிரிவைப் போட்டுக் கெஞ்சினார்கள். ஆனால் அதற்குப் பல மாதங்கள் முன்பே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து ஆய்வு நடத்தி முடித்திருந்தது. நோய் முற்றுவதையும் மரணத்தையும் பிளாஸ்மா குறைக்கவில்லை என்ற முடிவு 2020 அக்டோபரிலேயே வெளியாகியிருந்தது. 2021 மே மாதத்தில்தான் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. ஆய்வில் சேர்ந்த அந்த 464 பேர் தங்கள் துன்ப வேளையிலும் நமக்கொரு பதிலைச் சம்பாதித்துக் கொடுத்தார்கள். அந்தப் பதிலுக்கு நாம் காது கொடுக்கவில்லை.

"சோதனை எலி ஆக மாட்டேன்" என்று சொல்பவர் இதைச் சற்று நிதானித்து யோசிக்க வேண்டும். ஆய்வுக்கு வெளியே நிற்பவருக்குச் சோதனை நடக்கவில்லை என்று யார் சொன்னது? நிரூபணம் இல்லாத மருந்து ஒன்றை, "கொடுத்துப் பார்ப்போம்" என்று எழுதித் தருவதும் சோதனைதான். அதைக் கண்காணிக்கக் குழு கிடையாது, கெடுதல் வந்தால் எழுதிவைக்க ஆள் கிடையாது, ஒருவர் பட்ட பாடு அடுத்தவருக்குப் பாடமாவதும் கிடையாது. முறையான ஆய்வில் இவை மூன்றும் இருந்தாக வேண்டும்.

ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்வது அநியாயம். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், சிபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை 1932 முதல் 1972 வரை, சிகிச்சை கொடுக்காமல் வெறுமனே 'கவனித்து' வந்தது அரசின் சுகாதாரத் துறை. பென்சிலின் நல்ல மருந்தாகக் கையில் வந்த பிறகும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. நோயின் பெயரைக்கூட அவர்களிடம் சரியாகச் சொல்லவில்லை. நம் நாட்டுக்கு வருவோம். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி, ஒரு செயல்விளக்கத் திட்டத்தின் பேரில் பள்ளிச் சிறுமிகளுக்குப் போடப்பட்டது. ஏழு சிறுமிகள் இறந்த செய்தி எழுந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனால் சம்மதம் வாங்கிய முறை வெளிச்சத்துக்கு வந்தது. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள் என்று நாடாளுமன்றக் குழுவின் 2013 அறிக்கை சொன்னது. பெற்றவர்களிடம் கேட்கவில்லை. பழங்குடிப் பிள்ளைகள், விடுதிப் பிள்ளைகள், யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்ற அலட்சியம். தடுப்பூசி நல்லதுதான், ஆனால் சம்மதத்தில் நேர்ந்த குறையால், நல்ல தடுப்பூசியின் மேலேயே மக்களுக்குச் சந்தேகம் விழுந்தது. அந்தச் சந்தேகம் லேசில் நீங்கவில்லை.

கம்மமும் சென்னையும் சேர்ந்து சொல்லும் பாடம் ஒன்றுதான். ஆய்வு தேவை. ஆனால் கேட்கத் தெரியாதவரை, கேட்க முடியாதவரைத் தேடிப்பிடித்து அதை நடத்துவது பாவம்.

இந்தப் பாடத்தை நம் சட்டம் ஓரளவு கற்றிருக்கிறது. 2009 ஜூன் முதல், ஆய்வு தொடங்கும் முன் அதை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் அதை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, நெறிமுறைக் குழு ஒன்று ஒப்புக்கொள்ளாமல் ஆய்வு நடத்த முடியாது. அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். பாதிப்பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்த ஒருவரும் சாதாரணப் பொதுஜனம் ஒருவரும் உட்கார வேண்டும். ஆய்வால் உடம்புக்குக் கெடுதல் நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் வாங்கும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் ஆரம்பம் முதல் கடைசி வரை கூட இருக்க வேண்டும். எந்த நாளிலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம். விலகினால் வழக்கமான சிகிச்சைக்குக் குறை வைக்கக் கூடாது.

சம்மதப் படிவத்தில் குடும்பங்களைத் திடுக்கிட வைக்கும் இடம் ஒன்று உண்டு. படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் கேட்ட கையோடு, நாமினி யார் என்று கேட்கும். அதைப் பார்த்ததும், "சாவுக்கு முன்னாடியே கணக்குப் பண்றாங்களா?" என்று பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அந்த வரி அங்கே வந்ததற்கு ஒரு போராட்டம் காரணம். ஆய்வில் மரணம் நேர்ந்தும் குடும்பத்துக்கு எதுவும் கிடைக்காத நிலையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போன காலத்தில், 2013-இல் விதிகள் இறுக்கப்பட்டன. நஷ்டஈடு யார் கையில் சேர வேண்டும் என்பதற்குத்தான் அந்தப் பெயர். பயமுறுத்துவதாகத் தோன்றும் அந்த வரி, உண்மையில் நோயாளிக்காக வாங்கப்பட்ட உரிமை. டாக்டரோ செவிலியரோ இரண்டு நிமிஷம் ஒதுக்கி இதைச் சொன்னால் போதும். சொல்லாமல் படிவத்தை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து" என்று விரலால் காட்டினால், வாங்கிய உரிமையே பயமாகத் திரும்பிவிடுகிறது.

படிவத்தின் தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில் இருந்தும் தமிழருக்குப் புரியாத படிவங்கள் நிறைய. வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டினால், அவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அங்கே சம்மதம் நிகழவில்லை, கையெழுத்து மட்டும்தான் நிகழ்ந்தது.

டாக்டர்களுக்கு இதைவிடக் கடினமான கடமை ஒன்று இருக்கிறது. "எது மேல் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு" என்று நோயாளியின் முகம் பார்த்துச் சொல்வது. நம் ஊரில் டாக்டருக்குத் தெரியாது என்பதை நோயாளி தாங்க மாட்டார் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தாங்குவார். வானம் பார்த்து விதைக்கிறவருக்கும் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவருக்கும் நிச்சயமின்மையை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்களால் தாங்க முடியாதது, தங்களிடம் மறைத்துவிட்டார்கள் என்று பிறகு தெரியவருவதுதான். ஆய்வின் முதல் பயன் இனி வரப்போகும் நோயாளிகளுக்கு. சேர்கிறவருக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், மருந்துப்போலிகூட வாய்க்கலாம். இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "ஸ்பெஷல் மருந்து, வெளியே கிடைக்காது" என்று ஆசை காட்டி வாங்கும் சம்மதம் திருட்டுச் சம்மதம்.

சொன்னால் மக்கள் சேர மாட்டார்கள் என்பதும் உண்மையில்லை. நம் நாட்டிலேயே உருவான ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வு டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. 6,799 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு மருந்துப்போலி. தன் குழந்தைக்கு எது கிடைக்கும் என்று தெரியாமலே ஒப்புக்கொண்ட பெற்றோர்கள் அவர்கள். கடுமையான ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைப் பாதிக்கு மேல் அந்தச் சொட்டு மருந்து தடுத்தது; 2014-இல் முடிவு வெளியாகி, 2016 முதல் அது அரசின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கப்படும் அந்தச் சொட்டுகளுக்குப் பின்னால் வேலூரின் தாய்மார்களும் இருக்கிறார்கள்.

குடும்பத்துக்குள் நாம் திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. நோயாளியைத் தவிர எல்லோரும் பேசி முடிவெடுப்பது. "அம்மாவுக்கு இதெல்லாம் எதுக்கு, நாங்க பாத்துக்கறோம்" என்று மகனும் மருமகனும் வராந்தாவிலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். கட்டிலில் இருப்பவருக்கு நினைவு தெளிவாக இருக்கும்போது, அவர் உடம்பைப் பற்றி அவரைக் கேட்காமல் சரி சொல்வதும் வேண்டாம் சொல்வதும் பாசம் ஆகாது. அவர் உடம்பு அவருடையது. அவர் யோசிக்க நேரம் வேண்டும், வீட்டாரோடு கலந்துபேச வேண்டும், படிவத்தின் பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். இன்றைக்கே கையெழுத்து வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், அவசர சிகிச்சை ஆய்வைத் தவிர மற்றபடி அதுவே ஓர் எச்சரிக்கை.

இதில் வசதியும் படிப்பும் உள்ளவர்களுக்குத் தனிப் பொறுப்பு இருக்கிறது. அக்காலத்தில் ஊர் ஏரியைத் தூர்வாரக் குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது கட்டுப்பாடு. ஏரித் தண்ணீர் பாயும் நிலம் வைத்திருப்பவர் மண்வெட்டி எடுக்கக் கூலியாளை மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தால், அந்த ஏரியின் மேல் அவருக்கு என்ன உரிமை? மருத்துவ ஆய்வில் நடப்பது இதுதான். அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஆய்வில் சேர்கிறார்கள். அதில் தேறிய மருந்தைத் தனியார் ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் படுத்திருப்பவர் வாங்கிக்கொள்கிறார். கேட்கத் தெரிந்தவர்கள் ஒதுங்கி நிற்க, கேட்கத் தெரியாதவர்களே உள்ளே போகும்படி ஆகிவிடுகிறது. படிவத்தை வாசிக்கவும் நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதவும் தெரிந்தவர்கள் ஆய்வுகளில் சேரச் சேர, அலட்சியத்துக்கு அங்கே இடம் குறையும். கம்மத்தில் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் வக்கீல் வீட்டுப் பிள்ளையும் சேர்ந்திருந்தால், அவர்கள் படிவத்திலும் காப்பாளர் கையெழுத்துப் போட்டிருப்பாரா?

எல்லோரும் எல்லா ஆய்விலும் சேர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உடல்நிலை, குடும்ப நிலை, மனத்தின் தைரியம் ஆளுக்கு ஆள் வேறுபடும். தெரிந்து மறுப்பவரின் மறுப்புக்கும் தெரிந்து சேர்பவரின் சம்மதத்துக்கும் மரியாதை ஒன்றே. ஆய்வு முடிந்ததும் அதன் முடிவை அதில் சேர்ந்தவர்களிடம் வந்து சொல்லும் மரியாதையையும் ஆய்வாளர்கள் பழக வேண்டும். உடம்பைத் தந்தவருக்குப் பதிலைக்கூடச் சொல்லாமல் விடுவது நன்றி கொன்ற செயல்.

ஆகவே, நாளை அந்தக் கேள்வி உங்கள் முன்னால் வந்தால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். இந்த ஆய்வு எதைக் கண்டறியப் பார்க்கிறது, சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும், சேர்ந்தால் வரக்கூடிய கெடுதல் என்ன, செலவு யாருடையது, பதிவேட்டில் இதன் எண் என்ன, நெறிமுறைக் குழுவில் யாரிடம் பேசலாம் என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்து, உங்கள் மனமும் ஒப்பினால் சேருங்கள். உங்களுக்கு முன் சேர்ந்தவர்களின் கடனில் உங்கள் பங்கை அப்படி அடைக்கலாம். பதில் மழுப்பலாக வந்தால் மறுத்துவிட்டு, அதை நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். உங்களுக்குப் பின் வரும், கேட்கத் தெரியாத ஒருவரை அந்தக் கடிதம் காக்கும். இரண்டில் எதைச் செய்தாலும் நீங்கள் உங்கள் கடமையைச் செய்தவர்தான்.